பித்தளை மூக்கில் உயிர் இருக்கிறது!

தீயை அணைக்கும் தண்ணீர் பீரங்கியின் கதை

இரவு மணி 2. ஊரே உறங்குகிறது.

அமெரிக்காவில் ஒரு நகரம். அங்கே ஒரு மரக் கிடங்கு. பலகைகளும் சட்டங்களும் கூரை வரை அடுக்கி வைக்கப்பட்டு இருக்கின்றன. அந்தக் கிடங்கில் தீப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

கூரையைப் பிய்த்துக்கொண்டு தீ மேலே எழுகிறது. கிடங்குக்கு 12 மீட்டர் தள்ளி ஒரு நாலு மாடி வீடு. அதில் பல குடும்பங்கள். காற்று அந்த வீட்டை நோக்கி வீசுகிறது. தாய்மார்கள் குழந்தைகளை வாரி எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கி வருகிறார்கள்.

"ஊ... ஊ..." என்று அலறிக்கொண்டு முதல் தீயணைக்கும் என்ஜின் வந்து நிற்கிறது. அதன் முதுகில் ஒரு பீரங்கி இருக்கிறது. குண்டு போடும் பீரங்கி அல்ல. தண்ணீர் பீரங்கி!

படைத்தலைவர் கீழே குதிக்கிறார். ஒரு கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லவேண்டும்.

"பீரங்கியில் எந்த மூக்கை மாட்டுவது?"

கேள்வி சிறியது. ஆனால் அந்த நாலு மாடி வீடு பிழைப்பதும் எரிவதும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

கெண்டிக்கு மூக்கு உண்டு

கெண்டிக்கு மூக்கு இருக்கிறது அல்லவா? அதுபோல தீயணைக்கும் குழாய்க்கும் ஒரு மூக்கு உண்டு. அதை "நாசில்" என்பார்கள். பித்தளையிலும் அலுமினியக் கலவையிலும் செய்வார்கள்.

மூக்கு என்ன வேலை செய்கிறது?

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் காலடியில் விழும். குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடுங்கள். அதே தண்ணீர் சீறிக்கொண்டு வேலி வரை பாயும். விரலை இன்னும் அழுத்தினால் விசிறி போல விரியும்.

உங்கள் கட்டைவிரல் செய்யும் அந்த வேலையைத்தான் நாசில் செய்கிறது. தண்ணீர் எவ்வளவு போகவேண்டும், எவ்வளவு தூரம் போகவேண்டும், எந்த உருவத்தில் போகவேண்டும் என்பதை எல்லாம் மூக்குதான் முடிவு செய்கிறது.

நிமிடத்துக்கு 268 குடம்

தீயணைக்கும் படை வீரர்கள் கையில் பிடித்து அடிக்கும் குழாயைப் பார்த்திருப்பீர்கள். அதில் நிமிடத்துக்கு சுமார் 600 லிட்டர் தண்ணீர் வரும். அதைப் பிடிப்பதே கஷ்டம். தண்ணீர் முன்னே பாயும்போது குழாயைப் பின்னே தள்ளும். சுமார் 27 கிலோ பளுவைத் தாங்குவதுபோல் இருக்கும்.

கிடங்கு முழுவதும் எரியும்போது இந்தத் தண்ணீர் எந்த மூலைக்கு? யானைப் பசிக்குச் சோளப்பொரி! தீயின் வேரை அடையும் முன்பே பெரும்பகுதி ஆவியாகிவிடும்.

அப்போதுதான் பெருந்தாரை தேவைப்படுகிறது. நிமிடத்துக்கு 350 அமெரிக்க காலன், அதாவது சுமார் 1,325 லிட்டருக்கு மேல் பாய்ந்தால் அமெரிக்காவில் அதைப் பெருந்தாரை என்கிறார்கள். அதை மனிதன் கையில் பிடிக்க முடியாது. அதனால்தான் என்ஜினின் முதுகில் பீரங்கியாகப் பொருத்தி இருக்கிறார்கள். இதற்கு "டெக் கன்" என்று பெயர். தரையில் இறக்கி வைக்கும் பீரங்கிகளும், நீண்ட ஏணியின் உச்சியில் பொருத்தும் பீரங்கிகளும் உண்டு.

பீரங்கியில் 2 அங்குல மூக்கை மாட்டினால் நிமிடத்துக்கு சுமார் 4,020 லிட்டர் பாயும். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் 268 குடம்! அந்தத் தண்ணீர் மணிக்கு சுமார் 119 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அப்போது பீரங்கியைப் பின்னால் தள்ளும் விசை சுமார் 228 கிலோ.

ஓர் என்ஜினீயர் போட்ட கணக்கு

இந்தக் கணக்கை எல்லாம் யார் கண்டுபிடித்தார்?

ஜான் ஃப்ரீமன் என்ற அமெரிக்க என்ஜினீயர். 1855-ல் பிறந்தவர். தொழிற்சாலைகளுக்குத் தீ இன்ஷ்யூரன்ஸ் செய்யும் கம்பெனிகளுக்காக வேலை பார்த்தவர்.

ஆலை எரிந்தால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு நஷ்டம். ஆகவே, "தீயை அணைக்க எந்த மூக்கு நல்லது? எவ்வளவு அழுத்தம் வேண்டும்?" என்று ஃப்ரீமன் ஆராய்ந்தார். மூக்கு மூக்காக மாட்டித் தண்ணீரைப் பீய்ச்சினார். அளந்தார். எழுதி வைத்தார். 1889-ல் முடிவுகளை வெளியிட்டார்.

அவருடைய கணக்கு இன்றும் பாடமாக இருக்கிறது. துளையின் அகலத்தை இரண்டு மடங்கு ஆக்கினால், அதே அழுத்தத்தில் தண்ணீர் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு பாயும். அழுத்தத்தை நாலு மடங்கு ஆக்கினால்தான் தண்ணீர் இரண்டு மடங்கு ஆகும்.

நல்ல தாரை எது என்பதற்கும் அவர் ஓர் இலக்கணம் சொன்னார். தாரை போய்ச் சேரும் இடத்தில், பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் 15 அங்குல வட்டத்துக்குள் அடங்கி இருக்கவேண்டும். முக்கால் பங்கு 10 அங்குல வட்டத்துக்குள் இருக்கவேண்டும். காற்று வீசினாலும் சிதறக் கூடாது. அப்படி இருந்தால்தான் அது நல்ல தாரை!

முதல் வகை: நேர் மூக்கு

மூக்குகளில் இரண்டு பெரிய ஜாதிகள் உண்டு. ஒன்று, நேர் மூக்கு. மற்றொன்று, தூவான மூக்கு.

நேர் மூக்கு மிகவும் எளிமையானது. உள்ளே வழுவழுப்பாக இருக்கும். பின்பக்கம் அகலமாகத் தொடங்கி முன்பக்கம் குறுகும். உள்ளே வேறு எந்தப் பொறியும் இல்லை. வெளியே வரும் தண்ணீர் ஒரு கண்ணாடித் தடி போலக் கட்டியாகப் பாயும்.

பீரங்கியில் வழக்கமாக நாலு அளவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி வைத்திருப்பார்கள். முன்னால் இருப்பது சிறியது. அதைக் கழற்றினால் அடுத்தது. அதையும் கழற்றினால் இன்னும் பெரியது.

மூக்கில் 80 பவுண்டு அழுத்தம் இருந்தால் நாலு அளவுகளும் நிமிடத்துக்குத் தரும் தண்ணீர் இது:

1⅜ அங்குலம்: சுமார் 1,900 லிட்டர்.

1½ அங்குலம்: சுமார் 2,260 லிட்டர்.

1¾ அங்குலம்: சுமார் 3,080 லிட்டர்.

2 அங்குலம்: சுமார் 4,020 லிட்டர்.

80 பவுண்டு என்றால் ஒரு சதுர அங்குலத்தின்மேல் 80 பவுண்டு பாரம் அழுத்துவது போன்றது. கார் டயருக்குச் சுமார் 30 பவுண்டு காற்று அடிப்பதை நினைத்துப் பாருங்கள்.

நேர் மூக்கின் பலம் என்ன? தண்ணீர் நெடுந்தூரம் பாயும். காற்று அதை எளிதில் கலைக்காது. ஜன்னல் வழியே புகுந்து கிடங்கின் நடுவில் எரியும் கட்டையைப் போய் அடிக்கும். தண்ணீரோடு கூழாங்கல் வந்தாலும் வெளியே துப்பிவிடும். அடைத்துக்கொள்ளாது.

பலவீனம்? தடியை விசிறி ஆக்க முடியாது. அளவை மாற்ற வேண்டுமானால் தண்ணீரை நிறுத்தி மூக்கைக் கழற்றவேண்டும்.

இரண்டாவது வகை: தூவான மூக்கு

தூவான மூக்கின் நடுவில் ஒரு வட்டமான தடுப்பு இருக்கும். தண்ணீர் அதில் மோதிச் சுற்றிலும் பிரியும். வெளி வளையத்தைத் திருப்பினால் நேர்த் தாரையாக வரும். இன்னும் திருப்பினால் குடை போல விரியும். தண்ணீர் சின்னச் சின்னத் துளிகளாக உடைந்துவிடும்.

துளியாக உடைப்பதில் என்ன லாபம்?

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஒரு அளவு வெப்பம் வேண்டும். அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்க ஏறக்குறைய 7 மடங்கு வெப்பம் வேண்டும். ஆகவே, தண்ணீர் ஆவியாகும்போதுதான் தீயிடமிருந்து அதிக வெப்பத்தைப் பறிக்கிறது. பெரிய கட்டியான தாரையைவிடச் சின்னத் துளிகள் விரைவில் ஆவியாகும்.

இதை அமெரிக்கா முழுவதும் பரப்பியவர் லாயிட் லேமன். மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் என்ற ஊரின் தீயணைக்கும் படைத்தலைவர். இரண்டாவது உலகப் போரின்போது அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்குத் தீயணைக்கும் பயிற்சி அளித்தார். கப்பலின் மூடிய அறைகளில் எரியும் தீயைத் தூவானத்தால் அணைப்பது எப்படி என்பதை அங்கே ஆராய்ந்தார். 1950-ல் மெம்பிஸ் நகரில் நடந்த மாநாட்டில் தம் முறையை எடுத்துச் சொன்னார்.

ஆனால் லேமனின் முறை மூடிய அறைக்கு ஏற்றது. உள்ளே ஆட்கள் இல்லாத அறைக்கு ஏற்றது. ஏன்?

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் நீராவியாக விரிகிறது. அந்த ஆவி மூலை முடுக்கெல்லாம் பரவித் தீயை அமுக்கும். அறையில் மனிதர்கள் இருந்தால் அவர்களையும் வேகவைத்துவிடும். கூரை பறந்துபோன கிடங்கிலோ ஆவி நிற்காது. வானத்துக்குப் போய்விடும்.

திறந்த வெளியில் தூவானத்துக்கு இன்னொரு எதிரியும் உண்டு. அது காற்று. தீயின் அனலே ஒரு சூறைக்காற்று போல மேலே கிளம்பும். சின்னத் துளிகளை அது அடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் பெருந்தீயில் தூவான மூக்கையும் பெரும்பாலும் நேர்த் தாரையாகத் திருப்பி வைத்தே அடிக்கிறார்கள்.

வழக்கமான தூவான மூக்குக்கு 100 பவுண்டு அழுத்தம் வேண்டும். நேர் மூக்குக்கு 80 போதும். இந்த 20 பவுண்டு வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல. குழாய்க்குள் தண்ணீர் உரசிக்கொண்டு ஓடுகிறது. வழியிலேயே அழுத்தம் குறைகிறது. பீரங்கியின் வளைவுகளிலும் குறைகிறது. அதற்கு மட்டும் 25 பவுண்டு என்று வழக்கமாகக் கணக்கு வைக்கிறார்கள். குழாய் நீளமாக இருந்தால் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு பவுண்டும் தங்கம்!

தானே சுருங்கும் மூக்கு

தூவான மூக்கில் ஒரு புதுமை வந்தது. இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த கிளைடு மெக்மில்லன் 1970-களின் தொடக்கத்தில் அதைப் பரப்பினார். அதுதான் தானியங்கி மூக்கு.

அதன் உள்ளே ஒரு வில்சுருள் இருக்கிறது. தண்ணீர் அதிகமாக வந்தால் மூக்கின் வாய் தானே அகலும். குறைவாக வந்தால் தானே சுருங்கும். அழுத்தம் எப்போதும் 100 பவுண்டு அளவில் நிற்கும். உங்கள் கட்டைவிரலுக்கு மூளை வைத்தது போல!

பார்ப்பதற்குத் தாரை எப்போதும் அழகாக இருக்கும். அதுவே ஆபத்தாகவும் முடியலாம். தண்ணீர் பாதியாகக் குறைந்தாலும் தாரை நீண்டு போய்க்கொண்டே இருக்கும். "ஆகா, நன்றாகப் பாய்கிறது" என்று தலைவர் நினைத்துவிடுவார். தீயோ அணையாது. ஆகவே தானியங்கி மூக்கு வைத்திருப்பவர் கண்ணை மட்டும் நம்பக்கூடாது. பம்பின் அளவுமானியையும் பார்க்கவேண்டும்.

விரலுக்கு ஏற்ற வீக்கம்

"தீ பெரிது. ஆகவே பெரிய மூக்கை மாட்டு!"

இப்படிச் சொல்லத் தோன்றும். பலர் தவறு செய்யும் இடம் இதுதான்.

தெருவில் தீயணைப்புக்கு என்று தனிக் குழாய் இருக்கிறது. அதற்கு "ஹைட்ரண்டு" என்று பெயர். அது நிமிடத்துக்கு சுமார் 2,270 லிட்டர்தான் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குமேல் ஒரு சொட்டும் வராது.

1½ அங்குல மூக்கை மாட்டினால் அந்தத் தண்ணீர் அதற்குச் சரியாக இருக்கும். 80 பவுண்டு அழுத்தம் நிற்கும். தாரை விறைப்பாகப் பாயும்.

அதே தண்ணீருக்கு 2 அங்குல மூக்கை மாட்டினால்? அழுத்தம் 25 பவுண்டுக்கு விழுந்துவிடும். தண்ணீரின் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தாரை தலைகுனிந்து தெருவிலேயே விழும். தீ அங்கே, தண்ணீர் இங்கே!

பம்பு தண்ணீரைத் தள்ளும், தண்ணீரை உண்டாக்காது. விரலுக்கு ஏற்ற வீக்கம் வேண்டும். தண்ணீருக்கு ஏற்ற மூக்கு வேண்டும்.

பீரங்கியை எவ்வளவு நிமிர்த்துவது என்பதிலும் கணக்கு உண்டு. கிடைமட்டத்திலிருந்து சுமார் 32 டிகிரி நிமிர்த்தினால்தான் தாரை அதிகத் தூரம் போகும். அதற்குமேல் நிமிர்த்தினால் உயரம் கூடும், தூரம் குறையும்.

28 விநாடியா? ஒரு நிமிடமா?

ஹைட்ரண்டில் குழாயை இணைக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை என்ஜினில் உள்ள தொட்டித் தண்ணீர்தான் கதி. அமெரிக்க என்ஜின்கள் பலவற்றில் 500 காலன், அதாவது சுமார் 1,890 லிட்டர் தொட்டி இருக்கும்.

2 அங்குல மூக்கால் அடித்தால் தொட்டி 28 விநாடியில் காலி. 1⅜ அங்குல மூக்கால் அடித்தால் ஒரு நிமிடம் வரும்.

28 விநாடியில் என்ன செய்ய முடியும்? பீரங்கியைத் திருப்பிக் குறி பார்ப்பதற்குள் பாதித் தண்ணீர் போய்விடும். அதனால் தொட்டித் தண்ணீரை நம்பி அடிப்பவர்கள் சின்ன மூக்கையே மாட்டி வைக்கிறார்கள். ஹைட்ரண்டு கிடைத்த பிறகு தேவையானால் பெரிய மூக்கு.

கப்பல் கட்டியவர் செய்த ராட்சதன்

தண்ணீர் போதாது என்ற குறையைத் தீர்க்க நியூயார்க் நகரம் ஒரு ராட்சத என்ஜினையே செய்தது. அதன் பெயர் "சூப்பர் பம்பர்".

அதைத் திட்டமிட்டவர் வில்லியம் பிரான்சிஸ் கிப்ஸ். "யுனைடெட் ஸ்டேட்ஸ்" என்ற புகழ்பெற்ற பயணிக் கப்பலை வடிவமைத்தவர் இவரே. 1965-ல் சூப்பர் பம்பர் வேலைக்கு வந்தது. அதற்குள் 18 சிலிண்டர் கொண்ட டீசல் என்ஜின் இருந்தது. நிமிடத்துக்கு 8,800 காலன், அதாவது சுமார் 33,300 லிட்டர் தண்ணீரை 350 பவுண்டு அழுத்தத்தில் தள்ளக்கூடியது. 2,220 குடம் தண்ணீர்!

அந்தத் தண்ணீரைப் பெற்றுக்கொண்டு அடிப்பதற்கு அதனுடன் பீரங்கி வண்டிகளும் போகும். தண்ணீர் இருந்தால்தான் பெரிய மூக்குக்கு வேலை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. 1982-ல் இந்த ராட்சதன் ஓய்வு பெற்றான்.

தண்ணீரும் கொல்லும்

பெருந்தாரை நல்ல வேலைக்காரன். ஆனால் கண் தெரியாதவன். எதிரே இருப்பது தீயா, மனிதனா என்று பார்க்கமாட்டான்.

2 அங்குல மூக்கு நிமிடத்துக்கு 4 டன் தண்ணீரைக் கட்டடத்துக்குள் கொட்டுகிறது. ஒரு நிமிடத்துக்கு ஒரு யானையை மாடியில் ஏற்றுவது போன்றது! பத்து நிமிடத்தில் 40 டன். தண்ணீர் வெளியே ஓட வழி இல்லாவிட்டால்? துணிப் பொதியும் காகிதக் கட்டும் தண்ணீரைக் குடித்து இன்னும் கனக்கும். ஏற்கெனவே வெந்துபோன உத்தரம் அந்தப் பாரத்தைத் தாங்காது. தளம் இடிந்து விழும்.

இன்னொரு ஆபத்து உண்டு. கூரையில் ஓட்டை விழுந்து அதன் வழியே தீயும் புகையும் வெளியேறுகின்றன. ஏணி உச்சியில் இருக்கும் பீரங்கியை அந்த ஓட்டைக்குள் திருப்பினால் என்ன ஆகும்? புகை போக்கியை மூடியது போலத்தான். வெளியே போய்க்கொண்டிருந்த அனலும் புகையும் கீழே திரும்பும். உள்ளே வீரர்கள் இருந்தால் அவர்கள் தலையில் இறங்கும்.

ஆகவே பெருந்தாரையைத் திறக்கும் முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "தீ எவ்வளவு பெரிது?" என்பது அல்ல. "உள்ளே யார் இருக்கிறார்கள்?" என்பதுதான். உள்ளே சென்ற வீரர்கள் அனைவரும் வெளியே வந்துவிட்டார்களா என்று தலை எண்ணிப் பார்த்த பிறகே திறக்கவேண்டும்.

மின்சாரக் கம்பி அருகில் இருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். கட்டியான தாரை வழியே மின்சாரம் திரும்பி வரக்கூடும்.

சுவரைக் குளிப்பாட்டு

தீயின் பக்கத்து வீட்டை எப்படிக் காப்பாற்றுவது?

"தீக்கும் வீட்டுக்கும் நடுவில் தண்ணீர்த் திரை போட்டால் போதும்" என்று தோன்றும். பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அது போதாது. வெயில் கண்ணாடி ஜன்னலைத் தாண்டி வீட்டுக்குள் வருகிறது அல்லவா? அதுபோலத் தீயின் அனலில் ஒரு பங்கு தண்ணீர்த் திரையைத் தாண்டிப் போய்விடும்.

சரியான வழி, வீட்டுச் சுவரின்மேல் நேராகத் தண்ணீரை விடுவதுதான். சுவர் நனைந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தால் சூடு ஏறாது. இந்த வேலைக்கு விரிந்த தூவானம் நல்லது. பக்கத்தில் இருந்து மெதுவாகக் குளிப்பாட்டலாம். ஜன்னல் கண்ணாடி உடையாது. தூரம் அதிகமானால், காற்று பலமானால், நேர் மூக்குத் தாரையைச் சுவரின் உச்சியில் பட வைத்து வழிய விடலாம்.

மணி அடிக்கும் முன்பே

இப்போது அந்த மரக் கிடங்குக்குத் திரும்புவோம். தலைவர் என்ன செய்தார்?

அவர் அங்கே நின்று யோசிக்கவே இல்லை. பல நாட்களுக்கு முன்பே யோசித்து முடித்துவிட்டார்!

ஓர் அமைதியான நாளில் என்ஜினை மைதானத்துக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு மூக்காக மாட்டி அடித்துப் பார்த்தார். எது எவ்வளவு தூரம் போகிறது என்று காலடியால் அளந்தார். தம் பகுதியில் உள்ள ஹைட்ரண்டுகள் எவ்வளவு தண்ணீர் தரும் என்று குறித்து வைத்தார். எங்கே மரக் கிடங்கு, எங்கே குறுகிய சந்து என்று சுற்றிப் பார்த்தார். பிறகு பீரங்கியின் முன்னால் 1⅜ அங்குல நேர் மூக்கை மாட்டி வைத்தார். தூவான மூக்கு பக்கத்திலேயே கைக்கு எட்டும்படி இருந்தது.

ஆகவே இரவு 2 மணிக்கு அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"கிடங்கில் யாராவது இருக்கிறார்களா?"

"இல்லை" என்கிறார் காவல்காரர்.

பீரங்கி திரும்புகிறது. முதலில் நாலு மாடி வீட்டுச் சுவர் மேல்! ஜன்னல் சட்டங்கள் புகைய ஆரம்பித்து இருந்தன. பதினைந்து விநாடி. சுவர் முழுவதும் நனைந்து வழிகிறது. நிறுத்து! மிச்சத் தண்ணீர் பத்திரம்.

இதற்குள் இரண்டாவது என்ஜின் ஹைட்ரண்டிலிருந்து குழாயை இழுத்து இணைத்துவிட்டது. தண்ணீர் வருகிறது. இப்போது பீரங்கி கிடங்கை நோக்கித் திரும்புகிறது. கட்டியான தாரை அனலைக் கிழித்துக்கொண்டு எரியும் பலகைகளின் நடுவே பாய்கிறது. வீட்டுச் சுவரை இன்னொரு குழாய் நனைத்துக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது என்ஜின் வேறு பெரிய குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான், "பெரிய மூக்கை மாட்டு" என்கிறார் தலைவர்.

விடிகிறது. கிடங்கு கரிக்கட்டையாகக் கிடக்கிறது. அதைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் 12 மீட்டர் தள்ளி அந்த நாலு மாடி வீடு நிற்கிறது. சுவர் கறுத்து, ஈரம் சொட்டச் சொட்ட நிற்கிறது. தாய்மார்கள் குழந்தைகளோடு படியேறிப் போகிறார்கள்.

மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது. பித்தளை மூக்கு ஒரு கையில் அடங்கும். அதை எரியும் வீட்டின் முன்னால் நின்று தேடக்கூடாது. அமைதியான பகலில், மணி அடிக்கும் முன்பே, தேர்ந்து எடுத்து மாட்டி வைத்திருக்கவேண்டும்.